முழு விலை கேட்ட அக்கா

"மொத்தமா எவ்ளோ ஆகும், அத மொதல்ல சொல்லுங்க."

எங்கள் கீழ்வீட்டு அக்காவிடம் யார் எந்த வேலையாக வந்தாலும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் வாசலைத் தாண்ட முடியாது. கேஸ் அடுப்பு ரிப்பேர்காரர், கொசுவலை அடிக்கிறவர், வாஷிங் மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்தவர், எல்லாருக்கும் ஒரே கேள்விதான். கன்னடம் பேசுகிறவர்களிடம் "ஒட்டு எஷ்டாகத்தெ?" என்று அதையே கேட்பார். கேட்டுவிட்டு அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். பதிலில் ஏதாவது மழுப்பல் இருந்தால், "பரவால்ல, போய்ட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவார்.

நான் பொம்மனஹள்ளியில் அந்த வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்த காலம் அது. எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனியில் வேலை. ஊர் திருப்பத்தூர். அக்கா பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்தவர். கணவர் தவறிப்போய் நெடுநாள் ஆகியிருந்தது. ஒரே மகளைக் கிருஷ்ணகிரிப் பக்கம் கட்டிக்கொடுத்துவிட்டு, நகரத்துக்குள் ஒரு பெரிய பட்டுப்புடவைக் கடையில் விற்பனைப் பெண்ணாக வேலை பார்த்துக்கொண்டிருந்தார். ஐம்பதைத் தாண்டிய பிறகும் கடையில் அவரை விற்பனைப் பெண் என்றுதான் சொன்னார்கள்.

அவர் பேரம் பேசுகிறார் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். ஒரு கோடையில் போர்வெல் வற்றி எங்கள் வரிசை வீடுகளில் சொட்டுத் தண்ணீர் இல்லை. டாங்கர் லாரிக்காரர் வந்து ஒரு விலை சொன்னார். மாடித் தொட்டிவரை பைப் போட்டால் தனிக் காசா, மோட்டார் ஓட்டினால் தனிக் காசா, லோடு பாதி இருந்தாலும் முழு விலையா என்று அக்கா ஒவ்வொன்றாகக் கேட்டார். "மொதல்ல ஊத்திடறேன், அப்புறம் பேசிக்கலாம்" என்றார் அவர். அக்கா அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார். மாடியில் காலி பக்கெட்டோடு நின்ற எனக்கு அழுகையே வந்துவிட்டது. மதியத்துக்கு மேல் வேறொரு டாங்கர் வந்தது. முதல் ஆளைவிட விலை அதிகம். ஆனால் பைப், மோட்டார் எல்லாம் சேர்த்து ஒரே தொகையாகச் சொன்னார். அக்கா உடனே சரி என்றார். முதலில் வந்தவரே மலிவு ஆயிற்றே என்று கேட்டேன்.

"கம்மியா ஜாஸ்தியான்னு நான் பாக்கல மா. இவரு முழுசா சொன்னாரு."

கடையிலும் அப்படித்தான். அங்கே புடவையை விரித்து, முந்தானையைத் தோளில் போட்டுக் கண்ணாடியில் காட்டி, கை பட்டில் ஊறிய பிறகு விலையைச் சொல்ல வேண்டும் என்பது வழக்கம். அக்கா மடிப்பைப் பிரிக்கும் முன்பே விலையைச் சொல்லிவிடுவார். ஃபால்ஸ், தையல் எல்லாம் சேர்த்து இவ்வளவு என்பார். முதலாளி ஆரம்பத்தில் கோபித்துக்கொண்டாராம். அப்புறம் அக்காவைக் கேட்டு வருகிற குடும்பங்கள் பெருகியதும் விட்டுவிட்டாராம். "மனசு அதுமேல போனதுக்கப்புறம் வெல சொல்லக் கூடாது. அப்ப அவங்களால எழுந்து போக முடியாது" என்று என்னிடம் ஒருமுறை சொன்னார். என் தங்கை கல்யாணத்துக்குப் புடவை எடுக்கப் போனபோது நான் ஆசையாகப் பார்த்த மாம்பழ நிறத்தை அவர் பிரிக்கவே இல்லை. விலையைச் சொல்லி, "உனக்கு இது வேணாம்" என்று ஒதுக்கி வைத்துவிட்டார்.

அவருடைய வலது கால் பல வருஷமாகவே சரியில்லை. கடையில் விற்கிறவர்களுக்கு நாற்காலி கிடையாது. காலையிலிருந்து ராத்திரி ஷட்டர் இறக்கும்வரை நின்றபடி. உள்ளங்காலின் வளைவு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, பாதம் தரையோடு தட்டையாகப் படுத்துவிட்டது. விரல்கள் வெளிப்பக்கம் திரும்பிக்கொண்டன. உள் கணுக்கால் எப்போதும் வீங்கியிருக்கும். மாலையில் பஸ்ஸிலிருந்து இறங்கி வரும்போது எங்கள் தெரு முனையில் இருக்கும் டிரான்ஸ்பார்மர் வேலியைப் பிடித்துக்கொண்டு சற்று நின்றுவிட்டுத்தான் வருவார். ஒருநாள் படி ஏறி என் வீட்டுக்கு வர முடியவில்லை; கீழிருந்தே ஃபோன் செய்தார். மறுநாள் லீவு போட்டு நான்தான் அவரை ஓசூர் ரோட்டுப் பக்கம் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன்.

அங்கே பாத அறுவைக்கென்றே ஒரு டாக்டர் இருந்தார். சின்ன வயசு, பொறுமைசாலி. எக்ஸ்ரேவை வெளிச்சத்தில் காட்டி, பாதத்தைத் தாங்கிப் பிடிக்கும் தசைநார் நைந்துவிட்டது, குதிகால் எலும்பை வெட்டி நகர்த்தி ஸ்க்ரூ போட வேண்டும், பக்கத்து நார் ஒன்றை எடுத்து இதற்குக் கொடுக்க வேண்டும் என்று படம் வரைந்து விளக்கினார். இப்படியே விட்டால் மூட்டு இறுகிப்போகும், அப்புறம் செய்கிற ஆபரேஷன் இதைவிடப் பெரிது என்றார். அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, தன் கேள்வியைக் கேட்டார். டாக்டர் சங்கடமாகச் சிரித்தார். "அது எனக்கே தெரியாதும்மா. கீழ கவுண்டர்ல சொல்வாங்க."

கவுண்டரில் இருந்த பெண் கன்னடத்தில் முதலில் கேட்டது எந்த ரூம் என்று. ஜெனரல் வார்டா, இரண்டு பேர் இருக்கும் அறையா, தனி அறையா. அறைக்குத் தகுந்த மாதிரி டாக்டர் ஃபீஸ், தியேட்டர் வாடகை, மயக்க மருந்துக்காரர் ஃபீஸ் எல்லாமே மாறும் என்றாள்.

அக்கா தன் வலது காலைப் பார்த்தார். "கால் அதேதான மா?" என்று கேட்டார்.

அந்தப் பெண் கம்ப்யூட்டர் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஜெனரல் வார்டுக்கு ஒரு தோராயம் சொன்னாள். இரண்டு லட்சத்துக்குக் கொஞ்சம் கீழே. அதில் ஸ்க்ரூவின் விலை சேர்த்தியா என்றால், எந்தக் கம்பெனி ஸ்க்ரூ என்று டாக்டர் சொல்ல வேண்டும் என்றாள். டாக்டரைக் கேட்டால் கவுண்டர். அன்று நாங்கள் லிஃப்டில் மேலும் கீழும் போய் வந்ததுதான் மிச்சம்.

அந்த வரிசையில் காத்திருந்தபோதுதான் அவர் கணவரைப் பற்றிச் சொன்னார். மஞ்சள் காமாலை முற்றி வேறொரு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்களாம். "தெனம் சாயங்காலம் கவுண்டருக்குக் கூப்டு ஒரு தொக சொல்வாங்க மா. நாளைக்கு எவ்ளோன்னு கேட்டா, நாளைக்குச் சொல்றோம்பாங்க. அவரு போன அன்னிக்கும் என்னைய மொதல்ல கவுண்டருக்குத்தான் கூப்டாங்க." இதைச் சொன்னபோது அவர் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. டோக்கன் எண் மாறுகிற பலகையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

அடுத்து எங்கள் ஏரியாவிலேயே இருந்த சின்ன நர்சிங் ஹோம். அங்கே இருந்த மேனேஜர் கேட்டவுடன் ஒரே தொகையைச் சொன்னார். பேக்கேஜ் என்றார். பெரிய ஆஸ்பத்திரி சொன்னதில் பாதிக்குக் கொஞ்சம் மேல். அக்கா முகம் மலர்ந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். இருந்தாலும் கேட்காமல் விடவில்லை. ஸ்க்ரூ? அது வெளியிலிருந்து வரும், தனி. மருந்து? தனி. டாக்டர்? வெளியிலிருந்து வருகிறவர், அவருக்குத் தனியாகக் கொடுத்துவிட வேண்டும். மாவுக்கட்டு, பிசியோதெரபி?

"அப்ப பேக்கேஜ்ல என்னதான் சார் இருக்கு?"

மேனேஜர் உண்மையாகவே யோசித்தார். "பெட் இருக்கும்மா" என்றார்.

வெளியே வந்து ஆட்டோவில் ஏறியதும் அக்கா சிரித்தார். நானும் சிரித்தேன். வீடு வரும்வரை மாறி மாறிச் சிரித்துக்கொண்டிருந்தோம். அப்புறம் இறங்கும்போது காலை ஊன்ற முடியாமல் என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

அரசு ஆஸ்பத்திரிக்கும் போனோம். அங்கே டாக்டர் நல்லவிதமாகப் பார்த்தார். விபத்தில் அடிபட்டு வருகிறவர்களே வராந்தாவில் படுத்திருக்கிறார்கள், இது உயிர் போகிற விஷயம் இல்லை, பெயரைப் பதிந்து வைக்கிறேன் என்றார். அவர் காட்டிய வராந்தாவைப் பார்த்த பிறகு எங்களுக்கும் கேட்க வாய் வரவில்லை. அரசாங்கத்தின் இலவசச் சிகிச்சைத் திட்டத்துக்கு அக்காவின் ரேஷன் கார்டு செல்லாது என்றார்கள். மிஷன் ஆஸ்பத்திரி ஒன்றில் விலை நியாயமாக இருந்தது. ஆனால் பாதத்துக்கான டாக்டர் வேறு ஊரிலிருந்து எப்போதாவது வருகிறவர், இனி எப்போது வருவார் என்று அவர்களாலேயே சொல்ல முடியவில்லை.

கம்பெனி இன்சூரன்ஸில் அவரைச் சேர்க்க முடியுமா என்று என் அலுவலகத்தில் கேட்டுப் பார்த்தேன். உங்கள் அம்மாவா என்று கேட்டார்கள். இல்லை என்றால் முடியாது. அக்காவிடம் இதைச் சொன்னபோது, "அம்மான்னு எழுதிக் குடுத்துடாத, உன் வேலைக்கு வம்பு" என்றார். அப்படி ஒரு யோசனை எனக்கு வந்திருந்தது அவருக்கு எப்படித் தெரிந்ததோ.

சாஃப்ட்வேரில் குறை கண்டுபிடிப்பதுதான் என் வேலை. எதையும் கட்டம் போட்டு ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம் என்று ஒரு நம்பிக்கை எனக்கு உண்டு. லேப்டாப்பில் ஆஸ்பத்திரிகளை ஒரு பக்கமும் செலவுகளை ஒரு பக்கமும் போட்டு நிரப்ப ஆரம்பித்தேன். ஒருவர் அறை வாடகையில் சாப்பாட்டைச் சேர்த்திருந்தார். இன்னொருவர் டாக்டர் ஃபீஸில் தியேட்டரைச் சேர்த்திருந்தார். ஃபோன் செய்து கேட்டால் ஒவ்வொரு தடவையும் வேறு குரல், வேறு பதில். ஒரு ஆஸ்பத்திரியில், "நீங்க அட்மிட் ஆனதும் கரெக்டா சொல்லிடறோம் மேடம்" என்று அன்பாகச் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை அக்காவிடம் அந்தக் கட்டங்களைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"காலியா இருக்குது பாரு, அந்தக் கட்டமெல்லாம்தான் மா நெஜமான வெல."

கடைசியில் முதலில் போன பெரிய ஆஸ்பத்திரியையே தேர்ந்தெடுத்தார். அந்த டாக்டருக்குக் காலைப் பற்றித் தெரிந்திருந்தது என்பது ஒரு காரணம். நான் விடாமல் கேட்டு, ஸ்க்ரூ முதற்கொண்டு எல்லாம் சேர்த்து ஒரு மதிப்பீட்டை எழுத்தில் வாங்கியது இன்னொரு காரணம். தொகை மாறுதலுக்கு உட்பட்டது என்று அதில் ஒரு வரி இருந்தது. ரொம்ப மாறினால் எவ்வளவு மாறும் என்று அக்கா கேட்டார். பெரும்பாலும் மாறாது என்றாள் கவுண்டர் பெண். அக்கா அந்தப் பதிலில் திருப்திப்படவில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் அதற்குள் கால் அவரை எங்கும் எழுந்து போக விடாத நிலைக்கு வந்திருந்தது. இரண்டு வளையலையும் சேமிப்பையும் வைத்து அந்தத் தொகையைச் சரியாகப் புரட்டி வைத்தார்.

ஆபரேஷன் அன்று காலையில் மகள் கைக்குழந்தையோடு வந்து சேர நேரமாகும் என்று நான்தான் கூட இருந்தேன். உள்ளே அழைத்துப்போய் முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்தார்கள். நினைவு இருக்கும், வலி தெரியாது என்று முன்பே சொல்லியிருந்தார்கள்.

நான் வெளியே உட்கார்ந்திருந்தேன். பாதியில் பச்சை உடையில் ஒருவர் வேகமாக வந்து என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். நோயாளியின் எலும்பு எதிர்பார்த்ததைவிட மென்மையாக இருக்கிறது, ஸ்க்ரூ பிடிக்கவில்லை, பிளேட் வைக்க வேண்டும், வெளிநாட்டுப் பிளேட்தான் கைவசம் இருக்கிறது, கையெழுத்துப் போடுங்கள் என்றார். அது எவ்வளவு, எல்லாம் சேர்த்து எவ்வளவு ஆகும் என்று கேட்டேன். அவர் கணக்குப் பிரிவுக்கு ஃபோன் செய்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. மறுபடி அடித்தார். பிறகு ஃபோனைக் கீழே இறக்கி, "உள்ள ஓப்பன் பண்ணி வெச்சிருக்காங்க மேடம்" என்றார். அதட்டிச் சொல்லவில்லை. கிட்டத்தட்டக் கெஞ்சிச் சொன்னார். நான் கையெழுத்துப் போட்டேன்.

அதே நேரத்தில் உள்ளே நடந்ததை அக்கா பின்னால் வார்டில் படுத்துக்கொண்டு சொன்னார். மார்புக்கு மேலே ஒரு பச்சைத் துணித் திரை. அந்தப் பக்கம் என்ன நடக்கிறதென்று தெரியவில்லை. மரம் அறுக்கிற மாதிரி சத்தம் மட்டும். அப்புறம் டாக்டர் திரைக்கு மேல் தலையை நீட்டி விஷயத்தைச் சொல்லி, பிளேட் போடட்டுமா அம்மா என்று கேட்டாராம்.

"மொத்தமா எவ்ளோ ஆகும் டாக்டர்னு கேட்டேன் மா. யாரும் பேசல. யாரோ ஒரு நர்ஸ் பொண்ணு சிரிச்சிது, பாவம், பயந்து போய்ச் சிரிச்சிருக்கும். டாக்டர் இப்ப அத யோசிக்காதீங்கன்னாரு. நான் மறுபடி கேட்டேன். தல மாட்டுல இருந்தவரு என் நெத்தியத் தடவி, கொஞ்சம் தூங்க ஊசி போடட்டுமான்னாரு. வேணாம்னேன்."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு மேலே சொன்னார்.

"எப்பவும் போல எழுந்து போயிடலாம்னுதான் மா பாத்தேன். இடுப்புக்குக் கீழ நான் இல்ல."

பிறகு சரி என்று சொன்னாராம். அந்தச் சரியைத் தான் சொல்லவில்லை, வாய் சொல்லியது என்றார்.

டிஸ்சார்ஜ் அன்று பில் மூன்று லட்சத்தை நெருங்கி வந்தது. நான் கவுண்டரில் சண்டை போடுகிற குரலில்தான் ஆரம்பித்தேன். அதே பெண்தான் இருந்தாள். ஒவ்வொரு வரியாகத் திரையில் காட்டினாள். பிளேட், அதற்கான ஸ்க்ரூக்கள், கூடுதலாக ஆன தியேட்டர் நேரம், அதற்கு மயக்க மருந்துக்காரர் ஃபீஸ், எலும்பு மென்மைக்குப் போட்ட ஊசி, கூடுதலாக ஒரு நாள் படுக்கை. எந்த வரியிலும் என்னால் பொய் கண்டுபிடிக்க முடியவில்லை. ஏதாவது குறைக்க முடியுமா என்று அவளே மேலதிகாரியிடம் போய்க் கேட்டு வந்தாள். ஒரு சின்னத் தொகை குறைந்தது. அவளுக்கு அதில் நிஜமாகவே சந்தோஷம். நான் நன்றி சொன்னேன்.

அக்கா மாவுக்கட்டுக் காலை நீட்டிக்கொண்டு சக்கர நாற்காலியில் காரிடாரில் இருந்தார். பணம் கட்டினால்தான் கையில் குத்தியிருந்த ஊசியை எடுப்பார்கள். மகள் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு யாருக்கெல்லாமோ ஃபோன் செய்தாள். என்னிடம் இருந்ததைப் போட்டும் போதவில்லை. சாயங்காலம் ஆகிவிட்டது. கடைசியில் அக்கா கடை முதலாளிக்குப் பேசினார். அவர் மறுபேச்சில்லாமல் பணம் அனுப்பினார், சம்பளத்தில் பிடித்துக்கொள்வதாக. நல்ல மனுஷன் என்று அக்கா இரண்டு மூன்று தடவை சொன்னார்.

ஆபரேஷன் நன்றாகவே ஆகியிருந்தது. அதை மறைக்கக் கூடாது. மாவுக்கட்டைப் பிரித்தபோது பாதம் நேராக, வளைவோடு, ஒரு சின்னப் பெண்ணின் கால் மாதிரி இருந்தது. டாக்டருக்கே பெருமை. நடக்கலாம், படி ஏறலாம், ஆனால் மணிக்கணக்கில் நிற்கிற வேலை மட்டும் வேண்டாம் என்றார். அக்கா தலையை ஆட்டினார். அந்தப் பிளேட் பிற்பாடு உறுத்தினால் எடுத்துவிடலாம், சின்ன ஆபரேஷன்தான் என்றும் சொன்னார். நான் அக்காவின் முகத்தைப் பார்த்தேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. அவருக்குப் பதிலாக நான் கேட்டேன். டாக்டர் அதே சங்கடச் சிரிப்போடு, "அப்ப என்ன ரேட்டோ, கீழ சொல்வாங்க" என்றார்.

வெளியே வரும்போது, கால் எப்படி இருக்கிறது அக்கா என்றேன்.

"நல்லாதான் இருக்குது. யார் காலோ மாதிரி இருக்குது."

டாக்டர் சொன்ன காலத்துக்கு வெகு முன்பே அவர் வேலைக்குப் போக ஆரம்பித்தார். எப்போது வருவீர்கள் என்று முதலாளி ஒருமுறைகூடக் கேட்கவில்லை. அவர் கேட்காததாலேயே அக்காவால் வீட்டில் இருக்க முடியவில்லை. கல்லாவில் உட்கார்ந்து செய்கிற வேலை ஏதாவது கொடுக்கச் சொல்லுங்கள் என்றேன். கல்லாவில் முதலாளியின் மைத்துனர் இருக்கிறார் என்றார். ஆஸ்பத்திரியில் கொடுத்த பெரிய கறுப்பு பூட்ஸ் ஒன்றை அந்தக் காலில் மாட்டிக்கொண்டு, புடவையைக் கொஞ்சம் இறக்கிக் கட்டி அதை மறைத்துக்கொண்டு பஸ் ஏறுவார்.

பிறகு எனக்குக் கல்யாணமாகி வேறு பக்கம் குடிபோனேன். ஃபோனில் பேசுவது குறைந்தது. கடைசியாக அவரை நான் பார்த்தது ஒரு முகூர்த்த சீசனில், கடையில். பூட்ஸ் இல்லை. கூட்டம் நெரிந்தது. அவரைச் சுற்றி ஒரு கல்யாண வீட்டார் உட்கார்ந்திருந்தார்கள். அவர் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கண்ணாலேயே இரு என்றார். கவுண்டர் ஓரமாக ஒரு நிமிஷம் வந்தபோது, புடவை ஓரத்தைச் சற்றே தூக்கி வலது காலைக் காட்டினார். தழும்பு மங்கியிருந்தது. பாதம் நேராக இருந்தது. வலி இல்லை, டாக்டரைச் சும்மா குறை சொல்லக் கூடாது என்றார். கடன் எப்போது முடியும் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. குழந்தை உண்டா, மாமியார் எப்படி என்று விசாரித்தார்.

அவர் முழு எடையையும் வலது காலில் போட்டு, கவுண்டர் விளிம்பைக் கையால் பிடித்துக்கொண்டிருந்ததை அப்புறம்தான் கவனித்தேன். என் பார்வை போன இடத்தை அவரும் கவனித்துவிட்டார்.

"எடது கால் ஆரம்பிச்சிருக்குது மா" என்றார். பஸ் லேட்டாக வரும் என்று சொல்கிற மாதிரி சாதாரணமாகத்தான் சொன்னார்.

டாக்டரிடம் காட்டினீர்களா என்று கேட்டேன். அதற்குள் கல்யாண வீட்டுப் பெண்மணி ஒருவர் அந்தப் பச்சையை இன்னொரு தடவை காட்டச் சொன்னார். அக்கா என் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டுத் திரும்பினார். புடவைக் குவியலின் அடியிலிருந்து பச்சையை உருவி எடுக்கக் குனிந்தார். நிமிர்வதற்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. அந்த அம்மாள் காத்திருந்தார். நானும் நின்றிருந்தேன்.